மேயர் கன்னத்தில் ஒரு பிளாஸ்திரி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று பதறாதே. வீடு முழுக்கக் கட்சிக்காரர்கள். இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான், அவளோ எடுத்தாலே ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நாம் பேசுவதை நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள்வரை கேட்பார்கள். அதனால்தான் லாரியில் அந்தப் பக்கம் வரும் உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் மட்டும்தான் கொடுப்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப்பதிவு. போன வாரம்வரை அம்மாவுக்குத்தான் காற்று அடித்தது. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவளுக்கு மேயர் ஆசையா என்று சிரித்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். மூடியில்லாத சாக்கடையில் வேன் சக்கரம் இறங்கி, பிள்ளைகள் அலறிய கோபத்தில் மனு போட்டவள் அவள். அந்தக் கோபம் எல்லா வீட்டிலும் இருந்தது. இப்போது எல்லாம் தலைகீழ். காரணம் உன் அப்பன்தான்.

நீயும் கேள்விப்பட்டிருப்பாய். அம்மா எதிர்த்து நிற்கும் அந்த மேயர் உள்ளங்கை அகலப் பிளாஸ்திரியைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கும்பிடு போடுகிறார். உள்ளே இருப்பது ஓர் அரிசி நீளக் கீறல். சவரக்கத்தி பிடித்தவன் நான், எனக்குத் தெரியாதா? படிகாரம் வைத்து அழுத்தினேன், ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் ஆட்டோவில் மைக் கட்டி, "பொண்டாட்டி ஜெயிக்கணும்னு புருஷன்காரன் கழுத்தை அறுக்கப் பார்த்தான்" என்று கத்துகிறார்கள். கழுத்தாம்! அடப்பாவிகளா, கன்னத்துக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?

அம்மா மனு போட்ட பிறகும் அவர் தினமும் நம் கடைக்குத்தான் சவரத்துக்கு வந்துகொண்டிருந்தார். என்ன பெருந்தன்மை என்று ஊரே மெச்சியது. நானும் மெச்சினேன், மடையன். போலீஸ் வந்து விசாரித்தபோது, கை தவறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மேயரின் ஆள் அவருக்கு டீ வாங்கிவந்து வைத்தான். அதற்குமேல் என்னத்தைச் சொல்ல? அன்றிலிருந்து கடைக்கு ஈ காக்கைகூட வருவதில்லை.

நேற்று மதியம் உன் அம்மா பிரசார ஜீப்பை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தாள். பின்னால் ஒரே கூட்டம். நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பிடரியெல்லாம் கசகசன்னு இருக்குங்க, மழிச்சு விடுங்க. கத்தியிலயே போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. சோப்பு தடவி, கத்தியை எடுத்தேன். கை ஆடவில்லை, குட்டிம்மா. கூட்டம் கைதட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா வருதே, அன்னைக்கு மட்டும் ஏன் தவறுச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். வேர்வை என்றேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள்.

அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். கத்தி பட்ட அன்று கடையில் மேயரும் நானும்தான். நுரை போட்டு, கத்தியைக் கன்னத்தில் வைத்திருந்தேன். அவர் கண்ணை மூடியபடியே பேசினார். "உங்க பொண்ணு நர்சிங்தானே படிக்குது? ஹாஸ்டல்ல கீழ்த்தளம், ஜன்னலோரக் கட்டில். நல்லாக் காத்து வரும். அந்த ஜன்னலுக்குக் கொக்கிதான் சரியில்லையாம். வீட்டுல சொல்லுங்க, கடைசிக் கூட்டத்துக்கு உடம்பு முடியலைன்னு படுத்துக்கட்டும்" என்றார். கொக்கி சரியில்லை என்று நீ என்னிடம்கூடச் சொன்னதில்லையே, குட்டிம்மா. கை ஒரே ஒரு முறை நடுங்கியது, அவ்வளவுதான். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ரத்தத்தைப் பார்த்தபோது எனக்குப் பெரிய வருத்தமும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அந்தக் கடைசிக் கூட்டம். நான் மேடையேறி இதைச் சொன்னால் அந்தப் பிளாஸ்திரியை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் உன் பெயர், உன் ஹாஸ்டல், உன் கட்டில் எல்லாம் தெருவுக்கு வரும். சாட்சி எங்கே என்பார்கள். மகளை வைத்து ஓட்டுக் கேட்கிறான் என்பார்கள். சொல்லாவிட்டால் உன் அம்மா என்னால் தோற்பாள், ஏன் தோற்றோம் என்றே தெரியாமல் தோற்பாள். அவளிடம் மட்டும் சொல்லலாமே என்பாய். சொன்ன நிமிஷமே எல்லாவற்றையும் போட்டுவிட்டு உன்னிடம் பஸ் ஏறிவிடுவாள். அந்த மனுஷனுக்கு வேண்டியதும் அதுதானே.

யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. தெருவுக்கு வரப்போவது உன் பெயர், அதனால் நீதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அம்மா போனுக்கே கூப்பிடு, எல்லோரும் கேட்டால் கேட்கட்டும். நான் பேசலாம் என்றால், "கூட்டத்துக்கு என்ன சட்டைப்பா போடுறீங்க?" என்று கேள். வேண்டாம் என்றால், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். கை தவறிய சலூன்காரன் என்ற பெயரோடே இருந்துவிட்டுப் போகிறேன். உன்மேல் எனக்கு ஒரு நாளும் மனத்தாங்கல் வராது, அம்மாமேல் ஆணை.

சித்தப்பாவிடம் புதுக் கொக்கியும் திருப்புளியும் கொடுத்திருக்கிறேன். வார்டனம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு அவனே மாட்டித் தருவான். மாட்டாமல் கிளம்பாதே என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு. தனியாக வெளியே போகாதே, தோழிகளோடு போ.

எந்த ஜன்னலையும் திறந்து வைத்துப் பயமில்லாமல் தூங்குகிற மாதிரி நீ நன்றாக இருக்க வேண்டும், என் தங்கமே. பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் முதலில் அந்தக் கட்டிலை நகர்த்து.

உன்,
அப்பா