தோற்றுக்கொண்டே இருந்த அண்ணனுக்கு

இன்று காலை பீரோவை ஒழித்தபோது உன் முழங்கால் உறை ஒன்று அகப்பட்டது, அண்ணே. எத்தனை முறை துவைத்தும் அந்தத் தைல வாடை போகவில்லை. மூக்கைப் பொத்தாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

கனடாவுக்குப் படிக்கப் போனவன் மல்யுத்த மேடை ஏறிவிட்டாய் என்று தெரிந்ததும், நீ அனுப்பிய முதல் கேசட்டைப் பார்க்கப் பாபநாசத்தில் நம் தெருவே கூடியது. அம்மா பாயசம் வைத்திருந்தாள். திரையில் நீ வில்லன். முறைத்தாய், உறுமினாய், கடைசியில் ஒரு வெள்ளைக்காரர் உன்னைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். பாயசத்தை யாரும் தொடவில்லை. மறுநாளே அம்மா திருவிடைமருதூர் போய், அடுத்த முறை நீ ஜெயித்தால் உன் நீள முடியை இறக்குவதாக வேண்டிக்கொண்டு வந்தாள்.

போனில் நீ பதறிப்போனாய்.

“அம்மா, அப்படியெல்லாம் வேண்டிக்காத. யார் ஜெயிக்கறதுன்னு முன்னாடியே பேசி வச்சிருவாங்க. தோக்கறதுக்குத்தான் என்னைய வச்சிருக்காங்க.”

அம்மா போனை மறு காதுக்கு மாற்றினாள். “சரிப்பா. அப்ப எலும்பு ஒடையாம தோக்கணும்னு மாத்தி வேண்டிக்கறேன்.”

எனக்கு அந்த மனசு வரவில்லை. அடி வாங்குவது ஒரு பிழைப்பா என்று குமைந்தேன். வாழ்க்கைப்பட்ட வீட்டில், அண்ணனுக்குக் கம்பெனி வேலை என்று சொல்லிவைத்தேன். நீ ஓய்வுபெற்று ஊர் திரும்பி, சம்பா நட்டுக்கொண்டிருந்தபோதும் அதைத் திருத்தவில்லை. நீயும் அவர்கள் எதிரில் கம்பெனிக்காரனாகவே நடித்தாய். அதை மட்டும் மகா மோசமாக நடித்தாய்.

உன் பதினாறாம் நாளுக்கு, கேசட்டில் உன்னைத் தூக்கிப் போட்ட அந்த வெள்ளைக்காரர் வந்தார். நிலைப்படியில் குனிந்துதான் நுழைய முடிந்தது. என் கையைப் பிடித்தார். பிடித்தாரா என்றே தெரியாத அளவுக்கு மெல்ல. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் காரணம் கேட்டேன். மேடை ஏறுமுன் அவர்கள் அப்படித்தான் கை கொடுப்பார்களாம். ‘உன் உடம்பு என்னிடம் பத்திரம்’ என்று அதற்கு அர்த்தமாம். ஒருமுறை அவர் பிடி நழுவித் தலைகீழாக விழுந்தபோது, நீ தோளை அடியில் கொடுத்து அவர் கழுத்தைக் காப்பாற்றினாயாம். உன் தோள்பட்டை இறங்கியது அன்றைக்குத்தான். எங்களிடம் மாடிப்படியில் விழுந்ததாக அல்லவா சொன்னாய்.

பந்தியில் என் நாத்தனார், “யாரு இவரு, உங்க அண்ணன் கம்பெனியா?” என்று கேட்டார்.

“இல்லங்க. எங்க அண்ணன் மல்யுத்தம் பண்ணுனவரு. இவருகிட்ட வருஷக்கணக்கா தோத்தவரு. இவரு இன்னிக்கு எந்திரிச்சு நடக்கறதே எங்க அண்ணனாலதான்” என்றேன். பந்தியே திரும்பிப் பார்த்தது, அண்ணே.

இதை உன் காது கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது நான் இருக்கும்வரை உறுத்தும். இப்போதெல்லாம் உன்னைப் பற்றி யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், உன் தொழிலைத்தான் முதலில் சொல்கிறேன்.