நூற்று நான்கு பாகை

நீ பென்சிலால் எழுதிய 104 இன்னும் வரைபடத்தில் அழியாமல் இருக்கிறது. மடிப்பு கிழிந்த இடத்தில் நீ ஒட்டிய டேப்தான் பழுத்துவிட்டது. உன் மனைவி கொடுத்தனுப்பிய அந்த வரைபடத்தைப் போன வாரம் டயகம மேட்டுப் பாறையில் விரித்து, திசைகாட்டியை வைத்து அருவிக்கு மூன்று தடவை கோணம் அளந்தேன். மூன்று தடவையும் 114தான் வந்தது. எரிச்சலில் மடித்துப் பைக்குள் திணிக்கப் பார்த்தேன்.

அந்த எண்ணால்தானே நாம் பிரிந்தோம்! நீ தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடித்து மதியம் மலையிலிருந்து இறங்குவாய். நான் டவுன் கடையில் அரைநாள் லீவு போட்டு வந்திருப்பேன். இதே பாறையில் உட்கார்ந்து, எதிரே தெரியும் மலைகளுக்குப் பொருந்த வரைபடத்தைத் திருப்பி வைப்பாய். பாதை வளைகிறபடியே நூலை வளைத்து, பிறகு நீட்டிப் பிடித்துத் தூரம் சொல்வாய். திசைகாட்டியை வைத்துக் கோணம் குறிப்பாய். காட்டைக் கடந்து நேரே அருவிக்குப் போய்ச் சேருவோம். நீ ஒருநாளும் வழி தவறியதில்லை.

ஒரே ஒரு நாள் திசைகாட்டியை என்னிடம் கொடுத்தாய். உன் 104ஐப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். முழங்கால்வரை சேற்றில் போய் நின்றோம்.

“மேப்புல தப்பில்லடா, ஒங் கண்ணுலதான் தப்பு. ஒன்னய நம்பி வந்தேன் பாரு.”

சரியாகத்தான் பார்த்தேன் என்று கத்தினேன். அட்டை கடித்த காலோடு இறங்கினோம். அதன்பின் நீ கூப்பிடவில்லை. நானும் வீம்புக்கு வரவில்லை. போன வருடம் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோகும்வரை அப்படியே இருந்துவிட்டோம்.

வரைபடத்தை மடிக்கப்போன நேரம், கவ்வாத்து முடித்து வந்த ஒருவர் என்னை ஒட்டி உட்கார்ந்தார்.

“என்னங்க இது, முள்ளு ஆடுது?”

குனிந்து பார்த்தேன். 104. அவர் இடுப்பில் கவ்வாத்துக் கத்தி.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றேன். 114.

“கிட்ட வாங்க.” மறுபடியும் 104.

“ஒங்களுக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலீங்களா?” என்று எழுந்து போய்விட்டார்.

அடப்பாவி! உன் கத்தியின் இரும்புதான் முள்ளை இழுத்திருக்கிறது. கத்தியோடு அளந்தாய், கத்தியோடு நடந்தாய், உனக்குச் சரியாகவே வந்தது. கடையில் சீனி நிறுக்கிற எனக்கு ஏது கத்தி? அதே 104 என்னைச் சேற்றுக்குத்தான் கொண்டுபோனது. இத்தனை வருடம் என் கண்ணையே நான் சந்தேகப்பட்டேனே. இதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது? இன்னும் ஒரு வருடம் இருந்து தொலைத்திருக்கக் கூடாதா நீ?

அழித்துவிட்டு 114 என்று எழுத மனம் வரவில்லை. நேரே உன் லயத்து வீட்டுக்குப் போய்க் கத்தியைக் கேட்டேன்.

“எதுக்குண்ணே? தேயில வெட்டவா போறீங்க?” என்றாள் உன் மனைவி. ஆனாலும் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள்.

நேற்று அதை இடுப்பில் கட்டிக்கொண்டு உன் 104லேயே நடந்தேன். அருவிக்கு நேரே போய்ச் சேர்ந்தேன்டா. வழியெல்லாம் உன்னை வாய்விட்டுத் திட்டினேன். திருப்பித் திட்டத்தான் ஆள் இல்லை.