சுமித்ரா கேட்ட கேள்வி

சுமித்ரா அப்பாவுக்கு,

போன்ல பேசினா அவ காதுல விழும், அதனாலதான் எழுதறேன். பத்தாவது மார்க் வந்த அன்னிக்கு நீங்க திட்டினதுக்கப்புறம் நம்ம பொண்ணு யார்கிட்டயும் பேசல, சரியா சாப்பிடல. அவ ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன். ஏன்னு கேக்காதீங்க.

சசிகலா டீச்சர் வூட்டுக்கே வந்தாங்க. "இது திமிர் இல்லைங்க, புள்ளைக்கு மனசு நொந்துபோயிருக்கு"ன்னு சொல்லி, தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு எங்களோட பஸ்ல வந்தாங்க. டாக்டரம்மா அவகிட்ட தனியா ஒரு மணி நேரம் பேசினாங்க. இப்ப வாரம் ஒருக்கா போறோம். தெருப் பொண்ணுங்களும் சாயங்காலத்துல வந்து அவளோட உக்காந்து பேசறாங்க.

நேத்து ரெண்டு தோசை சாப்பிட்டா. சாப்பிட்டுட்டு, "அப்பாவுக்கு இன்னும் என்மேல கோவமா?"ன்னு கேட்டா.

நான் சொன்னா நம்பமாட்டா. நீங்களே வந்து சொல்லுங்க.

உங்களை எதிர்பார்த்துக்கிட்டு,
அவ அம்மா