பலாமரத் தம்புராவும் நான் அடைத்த ஓட்டையும்

இன்று காலை ஒரு பெண் ஆட்டோவில் வந்து, துணியில் சுற்றிய பெட்டியை என் பட்டறை மேசைமேல் வைத்தாள். "சத்தம் வரலைங்க. செஞ்ச ரேடியோக்காரர் இல்லையாமே, மரவேலை பார்த்தவர் நீங்கன்னாங்க." துணியை விலக்கினேன். பழைய பலாமர வாசனை. நம் எலக்ட்ரானிக் தம்புரா, கச்சேரிக்குச் சுருதி போடும் பெட்டி. அந்த ரேடியோக்காரனான நீ கண்ணை மூடியபிறகு என் கைக்கு வரும் முதல் பெட்டி. எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அப்போதெல்லாம் கடைகளில் இது பிளாஸ்டிக்கிலும் தகரத்திலும் கிடைத்தது. உனக்கு அது ஆகாது. "நாதம் மரத்துலேர்ந்து வரணும்பா" என்று சொல்லி, ரேடியோ ரிப்பேரை ஓரங்கட்டிவிட்டு, ஜன்னல் கதவு செய்துகொண்டிருந்த என்னையும் இழுத்துவிட்டாய். தாமல் கிராமத்தில் ஒரு வீட்டை இடித்தபோது வாங்கிய பலா உத்திரத்தை அறுத்து முதல் பெட்டியைச் செய்தேன். இழைக்க இழைக்கத் தேன் நிறம். அந்தப் பின்பலகையில் நீ என்ன செய்தாய்? துரப்பணத்தை வைத்து நாலு ஓட்டை போட்டுக் கொடுத்தாய், அதுவும் கோணலாக. எனக்கு வயிறு எரிந்தது. பாலிஷ் போடும் சாக்கில், மரத்தூளைப் பசையில் குழைத்து நாலையும் அடைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

சின்ன காஞ்சிபுரத்துப் பாட்டு டீச்சரின் கச்சேரியில்தான் பெட்டிக்கு அரங்கேற்றம். "இது சரியா வரலன்னா பழையபடி ரேடியோவே கதின்னு உக்காந்துடுவேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். முதல் பாட்டு அமிர்தம். மூன்றாவதில் சுருதி மெல்ல மேலே ஏறியது. டீச்சரும் கூடவே ஏறினார். மிருதங்கக்காரர் பாட்டுக்குப் பாட்டு தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் டீச்சர், "பொட்டி நன்னாத்தான் இருக்கு. ஆனா என்னை மாடிப்படி ஏத்திண்டே போறதே" என்றார். பெட்டியைத் தூக்கினேன், இட்லிப் பானைபோலச் சுட்டது. உள்ளே சூடு போக வழியில்லாமல் சுருதி ஏறியிருக்கிறது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

எட்டு நாள் நீ படாதபாடு பட்டாய். பின்பலகையைக் கழற்றிவைத்துச் சோதித்தால் சுருதி அசையாது, மூடினால் ஏறும்; ஆனாலும் சர்க்யூட்டைத் தவிர வேறெதையும் நீ திரும்பிப் பார்க்கவில்லை. "என் சர்க்யூட்டே என்னை ஏமாத்துதுபா" என்றாய். ஒன்பதாம் நாள் உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு வெறும் பெட்டியை என்னிடம் நீட்டினாய். "இந்தா, அழகா இருக்குது. கடிகாரம் மாட்டிக்கோ." அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அடிப்பாய் என்றுதான் நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

நீ என்னையே பார்த்தாய். பிறகு, "அப்போ என் சர்க்யூட்டு பாஸா?" என்று கேட்டாய். தலையாட்டினேன். என்னைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் மேசையிலிருந்த டீ கவிழ்ந்தது. நான் செய்த துரோகத்தை நல்ல சேதியாக வாங்கிக்கொண்ட ஆள் உன்னைத் தவிர யாருமில்லை.

மறுநாள் உன் வீட்டுத் தறியிலிருந்து கிழிந்த ஜக்கார்டு அட்டை ஒன்றைக் கொண்டுவந்தாய். எந்த இழை மேலே எழவேண்டும் என்று தறிக்குச் சொல்லும், வரிசை வரிசையாக ஓட்டை போட்ட அட்டை. அதைப் பலகைமேல் வைத்து, ஒவ்வொரு புள்ளியாகக் குறித்துத் துளைத்தேன். கோணல் இல்லை. பட்டறைக்கு வந்த நெசவாளர்கள் விரலால் தடவிப் பார்த்து, "நம்ம பார்டர் அட்டையாச்சே" என்றார்கள். அதற்குப்பின் எத்தனையோ பெட்டிகள். ஒவ்வொன்றையும் நான் பாலிஷ் போட்டுக் கொண்டுவரும்போது உன் ஒரே கேள்வி: "ஓட்டையை அடைச்சிட்டியாபா?" கல்யாண வீட்டில்கூட, நாலு பேர் முன்னால் கேட்பாய்.

இன்றைய பெட்டியில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் அதைப் பற்றவைக்கும் அளவுக்கு நானும் தேறியிருக்கிறேன். சுவிட்சைப் போட்டேன். நாதம் பட்டறை முழுக்க நிறைந்தது. அரைமணி நேரம் ஓடவிட்டேன், சுருதி அசையவில்லை. பின்பக்கம் கையை வைத்தேன். அந்த ஓட்டைகள் வழியாக இளஞ்சூடாகக் காற்று வந்தது.

"ஓட்டையை அடைக்கலைபா" என்றேன், வாய்விட்டே. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.