ராவெரே மருந்தகத்தின் பச்சைக் கதவு

மார்ச் 4

கிசுமு சந்தையில் இன்றும் அதே கூத்து. தக்காளிக்காரி என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். "மேடம் கவர்னர், எங்க ஓட்டு உங்களுக்குத்தான்! இந்தக் கென்யாவுல நாங்க ஓட்டுப் போட்டு உக்கார வெச்ச நிஜ கவர்னருங்க பூரா திருட்டுப் பசங்க." நான் வெறும் நடிகை, டிவி தொடரில்தான் கவர்னர் நேமா என்றேன். "தெரியுமே, அதனாலதான் நம்புறோம்" என்று சிரிக்கிறாள். பொய் சொல்வானேன், எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருக்கிறது.

மார்ச் 9

டைரக்டர் முசெம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பூட்டிக்கிடக்கும் அரசு மருந்தகத்தை, அதாவது பிரசவமும் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரியை, நேமா திறந்துவைக்கும் காட்சி நேற்று ஒளிபரப்பானது. ஊரெல்லாம் அதே பேச்சு. ராவெரே கிராமத்தில் பல வருடமாகப் பூட்டியே கிடக்கும் நிஜ மருந்தகத்தில் எடுத்தோம். கதவுக்குப் பச்சைப் பெயின்ட், புதுப் பெயர்ப்பலகை, வாடகைக் கட்டில்கள். முடிந்ததும் கட்டில்களை லாரியில் ஏற்றிக் கதவைப் பூட்டிவிட்டு வந்தோம். பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டா வர முடியும்?

மார்ச் 17

எப்படி எழுதுவது இதை.

ராவெரேக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒவினோ என்பவர் போன் செய்தார். அவர் மனைவி லிலியனுக்குப் பிரசவ வலி. பெரிய ஆஸ்பத்திரி தூரம். "நேமா திறந்தது பக்கத்துலயே இருக்கே, அங்க போலாம்" என்று அவள்தான் சொன்னாளாம். மழையில் மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறார்கள். பச்சைக் கதவு. பூட்டு. தட்டிப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பியிருக்கிறார்கள். போய்ச் சேர்வதற்குள் — குழந்தை பிழைத்துவிட்டது. அவள் இல்லை.

"சனிக்கிழமை அடக்கம். அவளுக்கு உங்கள ரொம்பப் புடிக்கும் மேடம். வந்துருங்க."

திட்டியிருக்கலாமே அந்த மனிதர். ஏன் திட்டவில்லை?

மார்ச் 18

"கதைன்னு சொல்லித்தானே காட்டுறோம், நம்ம மேல என்ன தப்பு? போகாத ஐரீன், பத்திரிகைக்காரன் மோப்பம் புடிச்சிருவான்" என்கிறார் முசெம்பி.

கண்ணை மூடினால் தட்டுகிற சத்தம். அவள் தட்டுகிறாள். நான் உள்ளே நிற்கிறேன், திறக்கத் தெரியாமல்.

மார்ச் 21

போனேன்.

எங்கள் பக்கத்து அடக்கங்களில் மைக் சின்னவர்களிடமிருந்து பெரியவர்களுக்குப் போகும். கடைசியாகப் பேசுகிறவர்தான் அங்கே எல்லோரிலும் பெரியவர். எம்.பி. வந்திருந்தார், தன் கட்சியைப் பற்றியே பேசி முடித்தார். எல்லோரும் எழப் போன நேரத்தில் ஒவினோவின் அண்ணன் மைக்கை என்னிடம் நீட்டினார். "இப்ப கவர்னர் நேமா பேசுவாங்க." எம்.பி.யின் முகத்தில் ஈயாடவில்லை.

நேமாவாகப் பேசியிருந்தால் அழுதிருப்பார்கள், கும்பிட்டிருப்பார்கள். என்னால் முடியவில்லை. "நான் நேமா இல்ல. நான் திறந்தது வெறும் கதவு, உள்ள ஒண்ணுமே இல்ல. லிலியன் என்னை நம்பித்தான் வந்தா."

லிலியனின் அக்கா பென்டா எழுந்தாள். "அவ ஒன்னை நம்பலம்மா. கவர்னர்னா அப்படித்தான் இருக்கணும்னு நம்புனா. அதுல என்ன தப்பு?" பிறகு எம்.பி. பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க ஏன் அதைத் திறக்கல?"

எம்.பி. சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

மார்ச் 29

தொடரின் அடுத்த சீசனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் முசெம்பி. ஒப்பந்தத்தைப் பிரிக்காமலே வைத்திருக்கிறேன். தட்டும் சத்தம் நிற்கவில்லை. இப்போது பகலிலும் கேட்கிறது.

ஏப்ரல் 6

ஒவினோ கூப்பிட்டார். பென்டாவும் ஊர்ப் பெண்களும் மருந்தகத்தின் பூட்டை உடைத்து உள்ளே உட்கார்ந்திருக்கிறார்களாம். நர்ஸ் வரும்வரை எழுந்திருக்கப் போவதில்லையாம். போலீஸ் வந்து யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டதற்கு, எல்லோரும் ஒரே குரலில் "கவர்னர் நேமா" என்றிருக்கிறார்கள்.

"போலீஸும் அந்தப் பேரையே எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க மேடம்!"

எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தேன். "நேமான்னு ஒரு ஆளே இல்லையேப்பா."

"அதான் நேமாவைப் பிடிக்க முடியாது. உங்களைப் பிடிக்கலாம். போலீஸ் நாளைக்குத் திரும்ப வருவாங்க. நீங்க வர்றீங்களா?"

பையில் இரண்டு மாற்றுத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டால், நான்தான், என் பெயர் ஐரீன் அகோத் என்று போலீஸிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.