இரண்டு பாய், ஓர் இடம்

மார்ச் 4

கொட்டகை வாசலில் ஒரு ஜோடிப் பெரிய செருப்பு கிடந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். அண்ணன் காலுக்கு அது தோணி மாதிரி இருக்கும்.

உள்ளே போனால், நாங்கள் கட்டிய படகின் விளிம்பில் மலை உட்கார்ந்திருந்தான். அண்ணனோடு படித்தவன், இப்போது வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறான். உடம்பைப் பார்த்து யாரோ வைத்த பெயர், அவனே இப்போது அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான். படகுக்கு வார்னிஷ் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் ஒரு நாள் லேசாகச் சாய்ந்ததற்கே அண்ணன் கத்தியிருக்கிறான். இன்று ஒன்றும் சொல்லவில்லை.

"நான் உக்காந்தா காத்தே ஒரு தடவ யோசிச்சுட்டுதான் அடிக்கும்" என்றான் மலை. அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்த பிறகுதான், இவன் எதற்கு வந்தான் என்று தோன்றியது.

மார்ச் 6

பாய் தைப்பவர் வந்து படகுக்கு இரண்டு புதுப் பாய்களைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று அகலம், வயிறு வைத்துத் தைத்தது. இன்னொன்று சின்னது, தட்டையானது. இரண்டையும் கட்டிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிட வேண்டும். அடுத்த மாதம் ஏரியில் பந்தயம். வீட்டிலேயே கட்டிய படகுகள் மட்டும்தான் அதில் ஓடலாம்.

அம்மா இரண்டு மூட்டைகளையும் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்சது படுக்கிற பாய்தான். அதுலயாவது ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் படுங்க."

அண்ணன் இன்னும் பாய்க் கயிறு ஓடும் கப்பிகளை எடை போட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் அப்படித்தான். ஒரு திருகாணி வாங்கினாலும் முதலில் சமையலறைத் தராசில் ஏறும். கனமான கப்பியை ஒதுக்கி, பிளாஸ்டிக் கப்பியைப் பொறுக்கி, பலகையில் வலுக் குறையாத இடமாகப் பார்த்து ஓட்டை போட்டு, பெயின்ட்கூட மெல்லிசாக அடித்து... ஒரு எலுமிச்சம்பழம் அளவு எடை குறைந்தால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் நல்ல நாள்.

மார்ச் 9

சின்னப் பாயைக் கட்டினோம். எப்போதும்போல அண்ணன் பின்னால், சுக்கான் பிடித்துக்கொண்டு. நான் முன்னால். என் இடுப்பில் கொக்கி, கொக்கியில் கம்பி, கம்பி பாய்மர உச்சியில். காற்று படகைச் சாய்க்கும்போது நான் விளிம்பில் கால் ஊன்றித் தண்ணீருக்கு மேலே முதுகைப் போட்டு நீட்டி நிற்க வேண்டும். படகை நிமிர்த்துவது அந்த ஆள்தான்.

நன்றாகப் போனது. பறந்தது என்று சொல்ல மாட்டேன். சொன்ன பேச்சைக் கேட்டது.

காற்று வருவதை நான்தான் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் கறுத்து வரும். "காத்து வருது, கயித்த விடு, விடு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துவேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. பத்தாவதோடு நின்றுவிட்டேன், யாரும் ரொம்பக் காரணம் கேட்கவில்லை. திரைச்சீலைக் கடையில் தைக்கிறேன், அங்கேயும் மிஷின் சத்தம்தான் எனக்காகப் பேசும். நான் கத்துகிற ஒரே இடம் அந்தப் படகு.

மார்ச் 13

கவிழ்ந்தோம்.

பெரிய பாய். காற்று சுமார்தான். கிளம்பியதும் படகு ஒரு இழுப்பு இழுத்தது பார், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு வேகம் அது போனதே இல்லை. அண்ணன் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த காற்றுக்கு நான் முழுசாக நீண்டு நின்றேன், விரல் நுனியில் நின்றேன். போதவில்லை. என் எடை அந்தப் பாய்க்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படியே சாய்ந்து, பாய் தண்ணீரில் படுத்துவிட்டது.

கரைக்கு வந்து கயிறுகளைப் பிழியும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீ பஞ்சு மாதிரி இருக்க. பெரிசப் போட்டா முன்னாடி மலைதான் வரணும். தப்பா எடுத்துக்காத."

இல்லை என்று தலையாட்டினேன். எதற்கு இல்லை என்று அவனும் கேட்கவில்லை.

ஆக, பெரிய பாய் என்றால் மலை. சின்னப் பாய் என்றால் நான்.

மார்ச் 14

சின்னதே போதும்னு நான் எப்படிச் சொல்வேன்? நான் வாயைத் திறந்தால் இடத்துக்காகப் பேசுகிறேன் என்றுதானே நினைப்பான். அது பொய்யும் இல்லையே.

மார்ச் 16

மலையை முன்னால் வைத்துப் பெரிய பாயைக் கட்டினார்கள். நான் கரையில். ஒரு வருஷமாக நான் இழைத்துத் தேய்த்த படகை முதல்முறை வெளியே நின்று பார்க்கிறேன்.

கவிழவில்லை. ஆனால் பாயின் உச்சியில் ஒரு மடிப்பு. காற்று நிறைந்தபோதும் அது போகவில்லை, யாரோ கிள்ளிப் பிடித்த மாதிரி. வேகமும் அன்றைக்கு மாதிரி இல்லை. அண்ணன் கயிற்றை இறுக்கினான், தளர்த்தினான், பாய்மரத்தைப் பின்னால் சாய்த்தான். மடிப்பு அங்கேயே இருந்தது.

"தையலே கோணல்போல. பேசாம சின்னதையே வச்சுக்கலாமா?" என்றான் கரைக்கு வந்ததும். என்னைப் பார்த்துக் கேட்டான்.

மலை தோளைக் குலுக்கினான். "என்னைய வச்சு ஓட்டுறதுன்னா ஓட்டு, இல்லேன்னா சொல்லிடு. நாளைக்கு ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்லாத வீட்டுக்குச் சிலிண்டர் இருக்கு."

பாயை மடிப்பது என் வேலை. பாய் விறைப்பாக நிற்க அதற்குள் குறுக்கே குச்சிகள் செருகியிருக்கும், தட்டையான ஃபைபர் குச்சிகள். மடிக்கும்போது உச்சிக் குச்சி என் கையில் தட்டுப்பட்டது. உறைக்குள் ஆடியது. ஒரு விரல் அளவு குட்டை, வளைத்தால் வளையவும் மாட்டேன் என்றது. சின்னப் பாயின் குச்சி. அண்ணன் அவசரத்தில் குச்சி மூட்டையை மாற்றி எடுத்திருக்கிறான். மடிப்புக்குக் காரணம் தையல் இல்லை.

மடித்தேன். பையில் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 17

இன்றும் சொல்லவில்லை.

அண்ணன் சாப்பிடும்போது சின்னப் பாயைப் பற்றியே பேசினான். தட்டையாக இருந்தாலும் பலத்த காற்றுக்கு நல்லது என்றான், உனக்கும் கைப்பழக்கம் என்றான். அம்மா என்னைப் பார்த்து, என்னடி வாயில் கொழுக்கட்டையா என்றாள். கொழுக்கட்டை இருந்தால்கூட முழுங்கிவிடலாம்.

அவனாகத்தானே மாத்தி வச்சான்? நானா வச்சேன்? அவன் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்கலேன்னா அது என் தப்பா?

மார்ச் 18

கடையில் ஒரு வீட்டுத் திரைச்சீலை திரும்பி வந்தது, ஒரு ஓரம் சுருக்கம். நான் தைத்தது இல்லை. ஆனாலும் அதை அப்படியே மடித்து வைக்க என் கை ஒத்துக்கொள்ளவில்லை. பிரித்துத் தைத்தேன். தைத்துக்கொண்டிருக்கும்போதே ஏரியில் பார்த்த அந்த மடிப்பு கண்ணில் வந்து நின்றது. பாய் தைப்பவர் பாவம், அவர் தையல் கோணல் என்று அண்ணன் இரண்டு பேரிடமாவது சொல்லியிருப்பான்.

வேலை முடிந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். சரியான குச்சியை எடுத்துப் பெரிய பாயில் செருகினேன். அண்ணன் பலகை தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற?"

"குச்சி மாறிப் போயிருந்துச்சு."

தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். எப்போது தெரியும் என்று கேட்பானோ என்று பயந்தேன். கேட்கவில்லை. "அப்பாடி" என்றான். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான்.

மார்ச் 20

மடிப்பு போய்விட்டது. பெரிய பாய் நிறைந்து நின்றதைக் கரையில் இருந்த வேறு படகுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னப் பாயை அண்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் என் இடுப்புக் கொக்கிப் பட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கார் சீட் பெல்ட்டும் தார்ப்பாய்த் துணியும் வைத்து நானே எனக்கு அளவெடுத்துத் தைத்தது. "இதப் பிரிச்சு மலைக்குப் பெரிசாக்கிக் குடு. ஞாயித்துக்கிழமை பேர் குடுக்கணும், அதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாத்துடலாம்."

கொஞ்ச நேரம் நின்றான். "நீ கரையில இருந்து பாத்துச் சொல்லு. உன் கண்ணு மாதிரி யாருக்கும் வராது."

நல்லாத்தான் சொன்னான். அதுதான் தாங்கல.

மார்ச் 21

மலை அளவு கொடுக்க வந்தான். டேப்பைச் சுற்றிப் பிடிக்க எனக்குக் கூச்சம். அவனே பிடித்துக்கொண்டான். டேப் போதுமா, இல்லை இன்னொன்றை முடிச்சுப் போடணுமா என்று கேட்டான். சிரிக்கக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை.

போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "உன் இடத்த நான் கேக்கல பாப்பா. அவன்தான் கூப்பிட்டான். எனக்கு நீச்சலே அரைகுறை, அவங்கிட்டச் சொல்லிடாத."

மார்ச் 22

இரண்டு பேரும் ஒரு முறை போய்வந்தார்கள். இன்னும் பட்டை இல்லாததால் மலை விளிம்பில் உட்கார்ந்தே ஓட்டினான். பார்த்துச் சொல் என்றானே என்று பார்த்தேன்.

காற்று அடிக்கும்போது சரி. காற்று ஓய்ந்ததும் படகு உட்கார்ந்துவிடுகிறது. பின்பக்கம் அமுங்கி, தண்ணீரை இழுத்துக்கொண்டே போகிறது. கரையிலிருந்தே அந்தக் களகளச் சத்தம் கேட்கிறது. நாங்கள் திருகாணி திருகாணியாகக் குறைத்ததை எல்லாம் சேர்த்தாலும் மலையின் ஒரு தொடைக்கு வராது.

அப்போது அண்ணனைப் பார்த்தேன். அவனும் ஒன்றும் பூ இல்லை. அவ்வளவு உடம்பையும் பின்னால் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சுக்கான் பிடித்திருந்தான். சுக்கான் பிடிக்க எடை எதற்கு? அந்த எடை கம்பியில் வெளியே தொங்கினால் பெரிய பாயை அதுவே நிமிர்த்தும். பின்னால் ஒரு பஞ்சு உட்கார்ந்தால் போதும்.

கப்பியை நிறுத்தோம், கயிற்றை நிறுத்தோம். யார் எங்கே உட்காருவது என்று ஒரு நாள்கூட நிறுத்துப் பார்க்கவில்லை. அண்ணன் பின்னால், நான் முன்னால் - முதல் நாள் அப்படி ஏறினோம், அப்படியே இருந்துவிட்டோம். சைக்கிளில் அவன் ஓட்ட நான் பின்னால் உட்காருவதுபோல. அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டோம்.

சுக்கானைக் கேட்பதா? அவன் படகு. அவன் வரைந்த படகு. பின்னால் உட்காருகிறவன்தான் படகை ஓட்டுகிறவன், பந்தயத்தில் முதலில் எழுதுவது அவன் பெயரைத்தான். முன்னிடத்தைக் கேட்கவே நாக்கு எழவில்லை, இதை எப்படிக் கேட்பேன்?

மார்ச் 23

சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன். "அண்ணா" என்றேன். நிமிர்ந்தான். "தண்ணி எடு" என்றேன்.

கொட்டகையில் இன்னொரு முறை. அவன் வாயில் ஆணி வைத்திருந்தான். வாயில் ஆணி உள்ளவனிடம் என்ன பேச.

பட்டையைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். நாளைக்குத் தைத்துக் கொடுத்தாக வேண்டும்.

மார்ச் 24

கடைக்குப் போகும் முன் கொடியில் அண்ணன் கால்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. டேப்பை எடுத்துவந்து இடுப்பை அளந்தேன். அம்மா ஜன்னலில் நின்று பார்த்தாள்.

மத்தியானம் கடை மிஷினில் தைத்தேன். கொக்கி வருகிற இடத்தில் நான்கு ஓட்டம். ஒரு தையல்கூடக் கோணவில்லை.

மார்ச் 25

ஏரிக்கரையில் நல்ல காற்று. மலை பட்டையைப் போட்டுப் பார்த்தான். பாதி வயிற்றில் நின்றுவிட்டது.

"பாப்பா, நேத்து நான் சாப்பிட்டது கொஞ்சந்தான்" என்றான்.

அண்ணனுக்குக் கோபம். அளவெடுத்தாயா இல்லையா, பெயர் கொடுக்க நாள் எங்கே இருக்கிறது, எதிலும் கவனம் இல்லை என்று கத்திக்கொண்டே பட்டையைப் பிடுங்கி, தளர்த்த முடியுமா என்று தன் இடுப்பில் சுற்றினான். கொக்கி வந்து நேராகத் தொப்புளுக்குக் கீழே உட்கார்ந்தது. குனிந்து அதைப் பார்த்தான்.

"இது எனக்கு அளவா இருக்கு."

"உனக்குத்தான் தைச்சேன்."

என் குரல்தான். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பின்பக்கம் அமுங்குவதைச் சொன்னேன். தண்ணீர்ச் சத்தத்தைச் சொன்னேன். சுக்கானுக்கு எடை வேண்டாம், கம்பிக்குத்தான் வேண்டும் என்றேன். அவன் முகத்தைப் பார்க்காமல் பாய்மரத்தைப் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் பட்டையின் நுனியைப் பிடித்து இழுத்தான். இது என் படகு என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொன்னால் நான் என்ன செய்வேன், வீட்டுக்குத்தான் போவேன்.

மலை மணலில் உட்கார்ந்து செருப்பைத் தேடினான். "இல்ல, அவளையும் என்னையும் வச்சு ஓட்டி, உன்னையக் கரையில விட்டாலும் கணக்கு சரியாத்தான் வரும்" என்றான்.

அண்ணன் ஏரியைப் பார்த்தான். படகைப் பார்த்தான். பின்பக்கத்தை ஒரு முறை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தான். படகு எழும்பியது.

"ஒரு சுத்து. சரியா வரலேன்னா மலைக்கு வேற பட்டை தைச்சுடணும்."

"சரி."

"நீ மட்டும் கவுத்தே, பாத்துக்க."

பட்டையை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, முன்னால் போய் படகைப் பிடித்து நின்றான். நான் பின்பக்கமாக ஏறி உட்கார்ந்து, சுக்கானைப் பிடித்தேன்.