ரோபோவுக்கு நான் எழுதிய கடிதம்

ஜூலை 3, வெள்ளி

இதனால் மைசூர் மாநகர மக்களுக்கும், குறிப்பாக எங்கள் தெரு நாய்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: நான்கு நாள் தூறலில் ஊறிக் கிடந்த ஒரு ஜோடி சாக்ஸ் இன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்கு முழுவதுமாகக் காய்ந்தது. உபயம், என் லேப்டாப். லினக்ஸ் கர்னலை, அதாவது கணினியின் அடிமட்ட நிரலை, முதல்முறையாக நானே தொகுத்து பில்ட் செய்தேன். மூன்றே கால் மணி நேரம் விசிறி அலறியது. மேலே சாக்ஸ், கீழே சரித்திரம்.

ஓட்டு போட எனக்கு இன்னும் மூன்று மாதம் வயது போதாது. ஒட்டு போட வயது வந்துவிட்டது! கர்னலில் செய்கிற திருத்தத்தைப் பேட்ச் என்கிறார்கள். கிழிந்த டவுசருக்குப் போடுவதும் அதே பெயர்தான். டவுசரில் எனக்கு முன் அனுபவம் உண்டு.

பேட்ச் பூங்குழலியுடையது. எங்கள் பாலிடெக்னிக்கில் என் பெஞ்சுக்கு முன் பெஞ்ச், ஊர் கௌதள்ளி. மண்ணின் ஈரத்தை அளக்கும் ஒரு சின்ன போர்டின் சிப்பைக் கர்னலோடு பேசவைக்கிற டிரைவர் எழுதியிருக்கிறாள். அது கர்னலில் ஏறினால் அவளுக்கு ஆறு மாதப் பயிற்சி கிடைக்கும், இங்கே மைசூரிலேயே. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இருபது. ஏறாவிட்டால் குண்டலுபேட்டை காய்கறி மண்டியில் பில் போடுகிற வேலை. சித்தப்பா பேசி முடித்துவிட்டாராம்.

ஜூலை 4, சனி

பூங்குழலி அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினாள். பத்து நாள். அங்கே சிக்னல் வருவது மாட்டுக் கொட்டகைக் கூரைமேல் மட்டும்தான். பஸ் ஏறும்முன் எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள். ஒரே ஒரு வரி.

விஷயம் இது. உலகத்தில் ஒரு வகை ப்ராசசரா இருக்கிறது? போனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, வங்கிகளின் ராட்சச இயந்திரங்களில் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே கர்னல் பில்ட் ஆக வேண்டும். அதனால் ஒவ்வொரு டிரைவருக்கும் "டிபெண்ட்ஸ் ஆன்" என்று ஒரு வரி உண்டு. இன்னது இருந்தால்தான் நான் வருவேன் என்கிற மாப்பிள்ளை வீட்டு நிபந்தனை. அவளுடைய டிரைவர் போனில் இருக்கிற ஆர்ம் வகை இருந்தால்தான் வரும். கர்னலில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார், ஏதோ குளிர்தேசத்துக்காரர். மற்ற வகைகளிலும் பில்ட் ஆகிறதா என்று சோதிக்க வழி வையுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

"டேய் லாய்டு, அந்த வரியில 'அல்லது கம்பைல் டெஸ்ட்'னு சேத்தி உடு. அதுக்குக் கீழ 'ஹேஸ் ஐஓமெம்'னு இன்னொரு வரி. அவ்வளவுதான். உன்ற மூளையை எல்லாம் அதுல காட்டாத."

என் மூளையை எங்கே காட்டுவதாம்?

ஜூலை 6, திங்கள்

காட்டிவிட்டேன்.

என் லேப்டாப்பின் மெனுவில் அவள் டிரைவர் கண்ணிலேயே படவில்லை. ஆர்ம் இல்லையாம், வரமாட்டானாம். அப்படி என்ன கெத்து? யோசித்தேன். ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு, மூன்று சாவி என்று எதற்கு இந்த அவஸ்தை? கதவையே கழற்றிவிட்டால்? "டிபெண்ட்ஸ் ஆன்" வரி மொத்தத்தையும் அழித்தேன். மெனுவில் வந்தது. பில்ட் ஆனது. ஒரு எச்சரிக்கைகூட இல்லை!

உலகத்தின் எல்லா ப்ராசசரிலும் பில்ட் ஆகும் என்று எழுதி, "இணைந்து உருவாக்கியவர்: லாய்ட்" என்றும் சேர்த்து அனுப்பிவிட்டேன். இணைந்து அழித்தவர் என்று போட அங்கே இடமில்லை.

ஜூலை 7, செவ்வாய்

பேட்ச்சைப் பொறுப்பாளர் சேர்த்துக்கொண்டார். லைசென்ஸ் எடுக்க வயதில்லை. டிரைவர் ஆகிவிட்டேன்.

ஜூலை 8, புதன்

வகுப்பில் பெஞ்சில் ஏறி நின்று அறிவித்தேன். கைதட்டல். ஜடையன் மட்டும் தட்டவில்லை. அவன் என் பெஞ்ச், என் உயிர் நண்பன், என் நிரந்தரப் பலியாடு. போன மாதம் தேர்வுத் துறை அனுப்பியதுபோல் அவனுக்கு ஒரு மெயில் விட்டேன்: செய்முறைத் தேர்வுக்கு டை கட்டாயம். மாமாவின் கல்யாண டையைக் கட்டிக்கொண்டு வந்தான். சிவப்பு, நடுவில் மயில்.

"ஏ மகா, ஒரு நாள் இருக்குது உனக்கு," என்றான். மகா என்றால் கன்னடத்தில் மகனே.

ஜூலை 9, வியாழன்

அந்த ஒரு நாள் வந்துவிட்டது! ஜடையா, நல்ல முயற்சி.

"கர்னல் சோதனை ரோபோ" என்ற பெயரில் ஒரு மெயில். என் பேட்ச் பில்ட்டை உடைக்கிறதாம். எங்கே? எஸ்390 என்ற வகையில். அது பஸ் நம்பர் மாதிரி இருக்கிறது. அடுத்து "யுஎம்" என்று ஒரு வகை. உம்! கதை கேட்கிற குழந்தையா அது? கொஞ்சம் நம்பும்படியாகக் கதை விடக்கூடாதா?

எல்லோருக்கும் பதில் என்பதை அழுத்தி ஆங்கிலத்தில் எழுதினேன்: "மாண்புமிகு ரோபோ அவர்களே, சாப்பிட்டீர்களா? எஸ்390 என்று ஒரு ப்ராசசரை நான் ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில்கூடப் பார்த்ததில்லை. மயில் டை நலமா?"

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

ஜூலை 10, வெள்ளி

"தேவ்ராணே, சாமி சத்தியமா நானில்ல குரு. ரோபோ பேர்ல மெயில் அனுப்புற அளவுக்கு எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் ரெண்டு சப்ஜெக்ட்ல அரியர் வெச்சிருக்கேன்?"

ஜடையன் கேட்டது நியாயமான கேள்வி. ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்து தேடினேன்.

ரோபோ நிஜம். வருகிற ஒவ்வொரு பேட்ச்சையும் எல்லா வகையிலும் பில்ட் செய்து பார்க்கிற நிஜமான இயந்திரம். எஸ்390 நிஜம். உம்-மும் நிஜம். "எல்லோருக்கும்" என்றால் நிஜமாகவே எல்லோருக்கும் — கர்னல்காரர்களின் மின்மடற்குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும். அதை யாராலும் அழிக்க முடியாதாம், வருஷக்கணக்கில் அப்படியே கிடக்குமாம். என் பேரப்பிள்ளைகள் மயில் டை பற்றி விசாரிப்பார்கள்.

பொறுப்பாளரின் பதில் இரண்டே வரி: "ரோபோ சாப்பிடுவதில்லை. ஆனால் அது சொல்வது சரி. பேட்ச்சை நீக்கிவிட்டேன், வியாழனுக்குள் சரியானது வந்தால் இந்தச் சுற்று, இல்லையென்றால் இரண்டு மாதம் கழித்து."

இரண்டு மாதம். அவளுக்கு இருபதாம் தேதி கடைசி.

என்னடா பண்ணிட்டே லாய்ட்?

ஜூலை 11, சனி

ஆறு முறை போன் செய்தேன். ஏழாவது முறை கூரைமேல் இருந்தாள். கீழே நாதஸ்வரம். சொன்னேன்.

"வரியை அழிச்சுப்போட்டியா?"

"ம்."

"ரோபோவைச் சாப்டியான்னு கேட்டியா?"

"ம்."

"மண்டியில எனக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்கடா. எங்க சித்தப்பா நேத்துக்கூடச் சொன்னாரு. நீ வெளையாடறதுக்கு என்ற டிரைவருதான் கெடைச்சுதா?"

திட்டியிருந்தால் தேவலை. குரல் அப்படி உடையும் என்று நினைக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "உன்ற பேரை அதுலருந்து எடு. நான் சொன்ன ரெண்டு வரியைப் போடு. முக்கியமான பன்னெண்டு வகையிலயும் நீயே பில்ட் பண்ணிப் பாத்துட்டுச் சொல்லு. அப்புறம் நான் அனுப்பறேன்."

ஜூலை 12, ஞாயிறு

சர்ச் பூசையில் ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து முதல்முறையாக அந்த வரிகளுக்கான விளக்கப் பக்கத்தைப் படித்தேன்.

சில வகைகளில் சாதனத்தின் நினைவகத்தைத் தொடுகிற வசதியே கிடையாது. அவள் டிரைவர் அதைத்தான் தொடுகிறது. "ஹேஸ் ஐஓமெம்" என்றால் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்பது. அதைத்தான் எழுதச் சொன்னாள். நான் கதவைக் கழற்றினேன்.

சும்மா இருக்க முடியாமல் இன்னொரு குறுக்குவழியும் பார்த்தேன்: "செலெக்ட்". அது எதையும் கேட்காமல் இழுத்துக்கொண்டு வந்துவிடும். எங்கள் அப்பா மாதிரி. விருந்தாளியிடம் "காபி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்பார். வீட்டில் பால் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். "டிபெண்ட்ஸ் ஆன்" அம்மா மாதிரி. பாலைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். செலெக்ட் போட்டதும் லேப்டாப் மஞ்சள் எழுத்தில் திட்டியது. சரி அம்மா, சரி.

ஜூலை 14, செவ்வாய்

பன்னிரண்டு வகை! எஸ்390 உட்பட, உம் உட்பட! பன்னிரண்டும் முடிந்தது, ஒரு பிழை இல்லை! கல்லூரி லேபில் ஜடையனும் கூட இருந்தான், சும்மா.

"பன்னெண்டும் பாத்துட்டியா?"

"பன்னிரண்டும்!"

"பரவால்லடா," என்றாள் பூங்குழலி போனில். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை சாக்ஸ் வேண்டுமானாலும் காய வைக்கலாம். கூரைமேலிருந்தே அனுப்பிவிட்டாள். அடியில் அவளாகவே ஒரு வரி: "சோதித்தவர்: லாய்ட்".

ஜூலை 16, வியாழன்

ஏற்றுக்கொண்டார்! ஏற்றுக்கொண்டார்! ரோபோ வாயே திறக்கவில்லை. பூங்குழலி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாள். சித்தப்பா நாற்காலியை வேறு யாருக்காவது போடட்டும்.

கர்னலில் என் பெயர்! அம்மாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அவள் விக்டோரியா டீச்சர்; எட்டாம் வகுப்புக்குச் சொல்லி, ஸ்டாஃப் ரூமுக்குச் சொல்லி, சாயங்காலம் ஃபாதருக்கும் சொல்லிவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவிப்பில் வாசிப்பாராம்: நமது பங்கு ஆலயத்தின் இளைஞர் லாய்ட், உலகக் கணினிகளுக்காக—

ஜடையன் கைதட்டினான். இந்தத் தடவை முதல் ஆளாக.

ஜூலை 17, வெள்ளி

அவன் ஏன் தட்டினான்?

ஜூலை 18, சனி

சரி. எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டில் நான் பார்த்தது மூன்று. நான்காவதில் லேப்டாப் சூடேறிப் படுத்துவிட்டது. மீதி ஒன்பதையும் இரண்டு நாள் லேபில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டியவன் ஜடையன். எஸ்390 அவன்தான். உம் அவன்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சுருமுரி, அதான் மசாலா பொரி, தின்றேன். "சும்மா" இருந்தது யார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

காலையில் மடற்குழுவுக்கு எழுதினேன், எல்லோருக்கும், இந்த முறை தெரிந்தே: சோதித்தவர் பெயரை மாற்றுங்கள், அது ஜடையன், நான் இல்லை. ரோபோவிடமும் மன்னிப்புக் கேட்டேன். பொறுப்பாளர் மாற்றிவிட்டார். பூங்குழலியிடமிருந்து ஒரு மெசேஜ்: "இதை நீயா எழுதின? ரோபோ எழுதலையே?"

ஆக, கர்னலில் இரண்டு அரியர் வைத்த ஜடையன் இருக்கிறான். நான் இல்லை.

அம்மாவிடமும் சொன்னேன். அரிசியைக் களைந்துகொண்டே கேட்டாள். கடைசியில், "ஃபாதர் கிட்ட நீயே போய்ச் சொல்லு. பேரை மாத்தி வாசிக்கச் சொல்லு," என்றாள். பூசைக்கு ஜடையனையும் கூட்டிவர வேண்டுமாம். டை கட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்கிறான்.

இன்னும் ஒன்று. முதல் பக்கத்தில் காய்ந்ததே, அந்த சாக்ஸ். அதுவும் அவனுடையதுதான்.